எனக்காக நீங்கள் முறைப்பாடு செய்யலாமா? திருமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பின்னேரம் திருகோணமலை டச்பே கடற்கரையில் கச்சான் வாங்கினேன். தின்று முடித்துவிட்டுச் சுருளை விரித்துப் பார்த்தால், அது யாரோ ஒரு பெண்ணின் கடன் விண்ணப்பப் படிவம், இரண்டாம் பக்கம். பெயர், அடையாள அட்டை இலக்கம், கணவரின் தொழில், பிணை நிற்கும் இரண்டு பெண்களின் தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் இருந்தன. கீழே நீல மையில் கையொப்பம், அதன்மேல் கச்சான் உப்பு.

சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் வாசிகசாலையில் உட்கார்ந்து ஆட்களுக்குக் கடிதம், விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். அந்தத் தாளைப் பற்றி அங்கே பேச்செடுத்ததிலிருந்து ஒரே கேள்வியைத்தான் பல விதமாகக் கேட்கிறார்கள்: பாதிக்கப்பட்டவருக்குப் பதிலாக ஒரு சங்கமோ அமைப்போ முறைப்பாடு செய்யலாமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதிவைக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. வழக்கு என்று வந்தால் சட்டத்தரணியிடம்தான் போகவேண்டும்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நீங்களே முறைப்பாடு செய்திருக்கலாமே?

செய்திருக்கலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் தாளில் இருப்பது என் விபரம் இல்லை. தரவுச் சட்டங்கள் உரிமையைக் கொடுப்பது அந்தத் தரவு யாரைப் பற்றியதோ அவருக்கு. பக்கத்து வீட்டு வேலி விழுந்தால் நான் சத்தம் போடலாம், வழக்குப் போடவேண்டியது வீட்டுக்காரர். இங்கேயும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

அமைப்பு ஒன்று தனிநபருக்காக முறைப்பாடு செய்வது என்றால் என்ன?

இரண்டு வகை இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

பாதிக்கப்பட்டவர் ஓர் அமைப்புக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்து, “என் சார்பில் நீங்கள் போங்கள்” என்று சொல்வது முதல் வகை. யாரும் கையொப்பம் வைக்காமலே, “இந்த நிறுவனம் எல்லோருடைய தரவையும் பிழையாகக் கையாளுகிறது” என்று அமைப்பு தானாகவே போவது இரண்டாம் வகை. முதலாவதை அநேகமாக எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். இரண்டாவதைச் சொன்னால் நிறுவனங்களுக்கு வயிற்றைக் கலக்கும். என் கேள்வி: கச்சான் சுருளில் வந்த தாளுக்கு இரண்டாவது வகை இல்லாமல் வேறு எது உதவும்?

தனியாகப் போனால் என்ன குறை? உரிமை என்றால் அவரவர்தானே கேட்கவேண்டும்?

எங்கள் பக்கத்து ஆள் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூதூரிலோ கிண்ணியாவிலோ குழுக்கடன் எடுத்த ஒரு தாய். கிழமைக்கு ஒருநாள் மரத்தடியில் கூட்டம், கையில் சிவப்பு மட்டைப் பாஸ் புத்தகம். ஒரு தவணை பிந்தினால் அவர் பெயரைக் குழு முழுவதற்கும் வட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். மானம் போகிறது. ஆனால் நட்டம் எவ்வளவு என்று கேட்டால் ரூபாயில் சொல்லத் தெரியாது. அப்படி வந்த ஒருவரிடம் “முறைப்பாடு எழுதுவமா அம்மா?” என்று கேட்டேன். “தம்பி, நான் பேரைக் குடுத்தா அடுத்த முறை லோன் தரமாட்டாங்க. எனக்குப் பிணை நிக்கிற ரெண்டு பேருக்கும்தான் கரைச்சல்” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

இதில் மூன்று சிக்கல் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கிறது. ஒவ்வொருவருக்கும் வந்த பாதிப்பு சின்னது, அதனால் யாரும் பஸ் காசு செலவழித்துக் கொழும்புக்குப் போகமாட்டார்கள். நிறுவனத்துக்கு இதனால் கிடைக்கும் இலாபமோ எல்லோரையும் கூட்டினால் பெரியது. கடைசியாக, முறைப்பாடு செய்கிறவர் தன் அந்தரங்கத்தைக் காப்பாற்றுவதற்கே பெயரையும் முகவரியையும் இன்னும் நாலு பேருக்குக் காட்டவேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பலருக்குத் தங்கள் தரவு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. 2022 ஜூலையில் எரிபொருளுக்கான கியூஆர் வந்தபோது, கொமினிகேஷன் கடைக்காரரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும்தான் ஊரில் பாதிப் பேருக்குப் பதிந்து கொடுத்தார்கள். அடையாள அட்டை இலக்கமும் வாகன விபரமும் அன்றைக்கு எத்தனை போன்களில் படமாக ஏறின? எனக்கே என்னுடையது எங்கே என்று நினைவில்லை.

அமைப்புகள் போவது எங்கே உண்மையில் நடக்கிறது?

ஐரோப்பாவில். அங்கே ஜிடிபிஆர் என்ற பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 80 ஆம் உறுப்புரை இதைப் பற்றியதுதான். இலாப நோக்கமற்றதாக, பொது நலனுக்காகச் சட்டப்படி அமைக்கப்பட்டதாக, இந்தத் துறையில் வேலை செய்வதாக உள்ள அமைப்புக்கு ஒருவர் அதிகாரம் கொடுக்கலாம். அதே உறுப்புரையின் இரண்டாம் பகுதி, யாருடைய அதிகாரமும் இல்லாமலே அமைப்புகள் போவதற்கு நாடுகள் விரும்பினால் இடம் கொடுக்கலாம் என்கிறது. “விரும்பினால்” என்ற அந்த ஒரு சொல்லால் நாட்டுக்கு நாடு நிலைமை வேறாகிவிட்டது.

ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்த அன்றைக்கே ஒஸ்திரியாவின் வியன்னாவில் இருந்து இயங்கும் நொய்ப் என்ற அமைப்பு கூகுள், பேஸ்புக், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் ஆகிய நான்கின் மீதும் முறைப்பாடு கொடுத்தது. மக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற சட்டத்தரணி தொடங்கிய அமைப்பு அது. பெயர் ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். “உனக்கேன் இந்த வேலை?” என்று நாங்கள் கேட்போமே, ஏறக்குறைய அதே கருத்து. பிரான்சில் லா குவாட்ராட்யூர் து நெட் என்ற அமைப்பு ஏறத்தாழ 10,000 பேரிடம் அதிகாரம் வாங்கிக்கொண்டு கூகுள் மீது முறைப்பாடு கொடுத்தது. இரண்டையும் சேர்த்து விசாரித்த பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019 ஜனவரியில் கூகுளுக்கு 5 கோடி யூரோ தண்டம் விதித்தது. அதே பிரெஞ்சு அமைப்பின் இன்னொரு முறைப்பாட்டின் பேரில் 2021 இல் லக்சம்பர்க் ஆணையம் அமேசனுக்கு 74 கோடியே 60 இலட்சம் யூரோ விதித்தது.

பத்தாயிரம் பேரும் தனித்தனியாகப் போயிருந்தால் பத்தாயிரம் கோப்புகள் மேசையில் தூசி பிடித்திருக்கும்.

எவ்வளவு காலம் எடுக்கும்?

பேஸ்புக், இன்ஸ்டகிராம் முறைப்பாடுகள் 2018 மே 25 அன்று கொடுக்கப்பட்டன. அயர்லாந்து ஆணையத்தின் முடிவு, இரண்டுக்கும் சேர்த்து 39 கோடி யூரோ தண்டம், 2023 ஜனவரியில் வந்தது. நாலரை வருடத்துக்கு மேல். தனி ஆள் ஒருவர் இவ்வளவு காலம் ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு திரிய முடியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கையொப்பமே இல்லாமல் ஓர் அமைப்பு போனால் நீதிமன்றம் ஏற்குமா?

ஜேர்மனியின் நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாமீது போட்ட வழக்கில் இந்தக் கேள்விதான் வந்தது. பேஸ்புக்கில் இலவச விளையாட்டுகளைத் தொடங்கும்போது பயனர் எதற்கெல்லாம் சம்மதிக்கிறார் என்று ஒழுங்காகச் சொல்லவில்லை என்பது புகார். யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை, இன்னார் பாதிக்கப்பட்டார் என்று ஒருவரைக் காட்டவும் இல்லை. நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால் அப்படிப் போகலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பளித்தது. இதை வாசித்தபோது எனக்கு அந்தக் கச்சான் தாள்தான் ஞாபகம் வந்தது.

தோற்றதும் உண்டா?

நிறைய. இதே ஷ்ரெம்ஸ், பேஸ்புக் மீது தன் வழக்கோடு உலகம் முழுவதிலும் இருந்து 25,000 பேரின் உரிமைக் கோரிக்கைகளையும் சேர்த்துக்கொண்டு வியன்னா நீதிமன்றத்துக்குப் போகப் பார்த்தார். 2018 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம், “உன் வழக்கை உன் ஊரில் நடத்தலாம், மற்றவர்களுடையதை அங்கே கொண்டுவர முடியாது” என்று சொல்லிவிட்டது. அமைப்புகளுக்குச் சட்டத்திலேயே தனியாக ஒரு வாசல் தேவை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் லொயிட் என்பவர், 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஐபோன் பயனர்கள் சார்பில் கூகுள் மீது வழக்குப் போட்டார். ஆளுக்கு 750 பவுண் என்பது கணக்கு. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஒவ்வொருவருக்கும் என்ன பாதிப்பு வந்தது என்று காட்டாமல் எல்லோருக்கும் ஒரே தொகை கேட்க முடியாது என்பது காரணம். ஆக, நிறுவனத்தைத் திருத்த வைப்பது ஒன்று, ஆட்களுக்குக் காசு வாங்கிக் கொடுப்பது வேறொன்று. இரண்டாவது எப்போதுமே கடினம்.

சரி, இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது?

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தன் தரவைப் பார்க்க, திருத்த, அழிக்கக் கேட்க, சம்மதத்தை மீளப்பெற ஒருவருக்கு உரிமை உண்டு. முதலில் தரவை வைத்திருப்பவரிடம் எழுத்தில் கேட்கவேண்டும். 2022 இல் நிறைவேறிய வாசகப்படி அவர் 21 வேலை நாளுக்குள் பதில் சொல்லவேண்டும். திருப்தி இல்லாவிட்டால் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு மேன்முறையீடு. தண்டம் ஒரு தவறுக்கு உச்சமாக ஒரு கோடி ரூபாய்.

மற்றவர் சார்பில் கேட்பதற்கும் அதில் வழி வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்காகப் பெற்றோர் கேட்கலாம், எழுத்தில் அதிகாரம் பெற்ற ஒருவர் கேட்கலாம், இறந்தவருக்காகப் பத்து வருடம் வரை வாரிசு கேட்கலாம். ஆகவே கையொப்பம் வாங்கிக்கொண்டு போகிற முதல் வகைக்கு ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. கையொப்பம் இல்லாமல் ஒரு சங்கம் தானாகப் போகிற இரண்டாம் வகைக்கு ஐரோப்பாவில் உள்ளதுபோல் ஒரு பிரிவு இல்லை.

ஒரு எச்சரிக்கை. சட்டம் இருக்கிறது என்றதும் எல்லாம் நடைமுறையில் இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். இந்த உரிமைகள் 2025 மார்ச் 18 முதல் செயலுக்கு வருவதாக இருந்தது, அந்தத் திகதி தள்ளிப்போடப்பட்டது. கடிதம் எழுதுமுன் எந்தப் பகுதி நடைமுறையில் இருக்கிறது என்று வர்த்தமானியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா?

வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே வேறு இரண்டு சட்டங்கள் அமைப்புகளுக்கு இடம் கொடுக்கின்றன. ஏனோ பலர் இதைக் கவனிப்பதில்லை.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் “பிரசை” என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. உறுப்பினரில் முக்கால்வாசிக்குக் குறையாதவர்கள் இந்நாட்டுப் பிரசைகளாக இருந்தால் அந்த அமைப்பும் பிரசைதான், பதியப்படாத அமைப்பானாலும் சரி. மாதர் சங்கமோ மீனவர் சங்கமோ தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். “பயனாளிகளின் அடையாள அட்டைப் பிரதிகளை எவ்வளவு காலம் வைத்திருக்கிறீர்கள், எப்படி அழிக்கிறீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள்” என்று ஒரு பிரதேச செயலகத்திடம் சங்கம் கேட்டால், எந்தத் தாயின் பெயரும் வெளியே வராது. நான் முதலில் சொல்லும் வழி இதுதான். 2023 இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவிக்கான பட்டியல்களைப் பொதுவில் போட்டு ஆட்சேபனை கேட்டார்களே, அப்போதே இப்படிக் கேட்டிருக்கவேண்டும்.

1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவரோ, ஒரு குழுவோ, அவர் சார்பில் இன்னொருவரோ முறைப்பாடு செய்யலாம். ஆணைக்குழு தானாகவும் விசாரிக்கலாம். ஆனால் இது அரச அலுவலகங்கள் அடிப்படை உரிமையை மீறுவதைப் பற்றியது, தனியார் கடன் நிறுவனத்துக்குச் சரிவராது. அதோடு, அந்தரங்கம் என்ற பெயரில் தனி அடிப்படை உரிமை எங்கள் அரசியலமைப்பில் இல்லை. 2015 இல் வந்த 19 ஆம் திருத்தத்தில், தகவல் பெறும் உரிமைக்கான மட்டுப்பாடுகளில் ஒன்றாக அந்தச் சொல் வருகிறது, அவ்வளவுதான். எனவே சமத்துவம் போன்ற வேறோர் உரிமையோடு சேர்த்துத்தான் எழுதவேண்டிவரும்.

கடன் கொடுத்தது மத்திய வங்கியின் உரிமம் பெற்ற நிறுவனமானால், முதலில் நிறுவனத்துக்கும் பிறகு மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவுக்கும் எழுதலாம். உரிமமே இல்லாதவரானால் அது வேறு தலைவலி.

சங்கத்துக்கு அதிகாரம் கொடுக்கும் கடிதத்தில் என்ன எழுதவேண்டும்?

இதில்தான் நான் கறாரானவன். வெற்றுத் தாளில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்கிற பழக்கம் எங்கள் சங்கங்களில் இருக்கிறது. “பிறகு நிரப்புவம்” என்பார்கள். கடன் நிறுவனமும் அதைத்தானே செய்தது?

கடிதம் ஒரு பக்கம் போதும். யார், யாருக்கு, எந்த நிறுவனத்தைப் பற்றி, எந்தச் சம்பவத்துக்காக அதிகாரம் கொடுக்கிறார் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். “எனது சகல விடயங்களுக்கும்” என்ற வரியைக் கண்டால் வெட்டிவிடுங்கள். எதுவரை போகலாம் என்பதும் இருக்கவேண்டும்: நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுவது மட்டுமா, அதிகாரசபை வரையா, சமரசத்துக்கு ஒப்புக்கொள்ளவும் உரிமையா? சமரசம் என்றால் திரும்பவும் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்று நான் எழுதிவிடுவேன். எப்போது வேண்டுமானாலும் அதிகாரத்தை மீளப்பெறலாம் என்ற வரியும், திகதியும். அப்புறம், வாசிக்கத் தெரியாதவராக இருந்தால் சத்தமாக வாசித்துக் காட்டியவர் யார் என்று கீழே எழுதி அவரும் கையொப்பம் வைக்கவேண்டும். ஒரு பிரதி கொடுத்தவர் கையில் இருக்கட்டும்.

அடையாள அட்டைப் பிரதி கட்டாயம் தேவை என்று அதிகாரி கேட்டால் மட்டும் இணையுங்கள். அதன்மேல் “இந்த முறைப்பாட்டுக்கு மட்டும்” என்று குறுக்கே பேனையால் எழுதிவிட்டுக் கொடுங்கள். என்.சி. வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் இதைச் செய்தபோது கடைக்காரர், “கொப்பியைப் பழுதாக்கிறீங்களே” என்று கோபித்துக்கொண்டார்.

அமைப்பு காசு வாங்கலாமா?

தபால் செலவு, பிரதிச் செலவு வாங்கினால் குறை சொல்லமாட்டேன். கிடைக்கும் நட்டஈட்டில் பங்கு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஐரோப்பாவில் இலாப நோக்கமற்ற அமைப்பு என்று கட்டிப்போட்டது சும்மா இல்லை.

சங்கமே எங்கள் விபரத்தை வெளியே விட்டால்?

நடக்கக்கூடியதுதான். முறைப்பாட்டுக்காகப் பத்துப் பேரிடம் சேர்த்த விபரம் செயலாளரின் போனில் இருக்கும், அந்தப் போனில் அவருடைய பிள்ளை கேம் விளையாடும். முறைப்பாட்டுக்கு விபரம் சேர்க்கத் தொடங்கிய நிமிடமே சங்கமும் தரவை வைத்திருக்கும் இடமாகிவிடுகிறது. கோப்பு ஒரே ஆளிடம், பூட்டு உள்ள அலுமாரியில், வட்ஸ்அப் குழுவில் ஒன்றும் போடாமல். வேலை முடிந்தால் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

தமிழில் எழுதலாமா?

எழுதலாம். தமிழ் அரசகரும மொழி, கிழக்கு மாகாணத்தில் நிருவாக மொழியும்கூட. கொழும்புக்குப் போகும் கடிதமானாலும் தமிழிலேயே எழுதி, தமிழிலேயே பதில் கேளுங்கள். அவசரமானால் ஆங்கிலப் பிரதி ஒன்றைச் சேர்த்து அனுப்புவேன், வேகத்துக்காக மட்டும்.

கடைசியில் அந்தக் கச்சான் தாள் என்ன ஆனது?

அடுத்த நாள் அதே கச்சான்காரரிடம் போனேன். இன்னும் அரைக் கட்டு இருந்தது. பழைய பேப்பர் கடையில் நிறைக்கு வாங்கினாராம். முழுவதையும் நானே வாங்கிக்கொண்டு, அவருக்கு ஒரு கட்டுப் பழைய பத்திரிகையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிறகு முதல் தாளில் இருந்த பெண்ணைத் தேடவேண்டியிருந்தது. பிணைகாரியின் இலக்கத்துக்கு எடுப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன், ஏனென்றால் அதுவும் அவர்களிடம் கேட்காமல் அவர்கள் தரவைப் பயன்படுத்துவதுதான். கடைசியில் எடுத்தேன். மூன்றாம் நாள் அவரே மகனோடு வாசிகசாலைக்கு வந்தார். அதிகாரக் கடிதம், இந்தப் பக்கத்தில் எழுதியது எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார். “கேஸ் ஒண்டும் வேணாம் தம்பி. தாளைத் தாங்க” என்றார். நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கச் சொல்லி மகனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மிச்சத் தாள்களை எண்ணிப் பார்க்கவில்லை. பெரிய உறையில் போட்டு ஒட்டி, வாசிகசாலை அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அவ்வளவு பேரின் தரவுக்கும் இப்போதைக்கு நான்தான் காவல். சாவி என்னிடம் இருக்கிறது.